வெளுத்த நெய்

"அம்மா, விளக்கு வச்சதுக்குப் பிறகு என் மகளுக்குக் கண்ணு தெரியலை."

குற்றாலிங்கம் சொல்லிவிட்டு நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

அம்பலத்தம்மா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கம் யாத்திரை போனவள், ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு முந்தின நாள்தான் மடத்துக்குத் திரும்பியிருந்தாள். காலில் இன்னும் பயணத்து வெடிப்பு.

"உக்காருங்க பெரியவரே."

குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. ஒன்றிரண்டு வருஷக் குறைவு என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். இவளை அவர் மகளுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஊரில் இதை வைத்துச் சிரிப்பவர்கள் உண்டு.

குற்றாலிங்கமே முதலில் ஏமாந்தவர்தான். மனைவி போன துக்கத்தில் பாத்திரக்கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்த அன்று, "பெரிய சாமி எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க, சொல்லுதேன்" என்றாள்.

அன்றிலிருந்து மாடுகள் அவர் பொறுப்பு. பெரிய சாமி எங்கே என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள் இப்போது.

"தெரியலை. அவ சொல்லலை. நேத்து நான் பார்த்தேன்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் எந்தத் தெருப் பெண் பிள்ளைத்தாய்ச்சியானாலும், பிள்ளை பிறக்கும்வரை பொழுது சாய்கிற நேரம் மடத்துக்கு வந்து நெய்ச்சோறு சாப்பிட்டுப் போக வேண்டும். பாலும் நெய்யும் மடத்து மாட்டினுடையவை. உருட்டிக் கையில் கொடுப்பது மாட்டுக்குப் பொறுப்பானவர். குற்றாலிங்கத்தின் மகள் ஆவுடை முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மடத்துப் படிக்கட்டு கீழே முடிகிற இடத்தில்தான் அவள் வீடு.

"உருண்டையை வாங்கக் கையை நீட்டுனா. கை வேற பக்கம் போச்சு. உருண்டை தரையில விழுந்துச்சு. கை வழுக்கிருச்சுப்பான்னு சிரிச்சா. வழுக்கலை அம்மா. படியில இறங்கும்போது செவுத்தைத் தடவித் தடவி இறங்குதா."

"மருத்துவச்சி என்ன சொன்னா?"

"மாலைக்கண்ணுன்னா. கீரை குடுங்க, பாலும் நெய்யும் நல்லாக் குடுங்கன்னா. கீரையை வாயில வச்சாலே வாந்தி எடுக்கா. மசக்கை இன்னும் விடலை. இந்த நெய்ச்சோறு ஒண்ணுதான் வயித்துல தங்குது. அதுல நான் குறை வைக்கலையே. முன்னைவிடக் கூடத்தான் ஊத்துதேன். அப்புறம் ஏன்?"

அம்பலத்தம்மா இன்னொரு வெற்றிலையை எடுத்தாள்.

"படி ஈரமா கிடக்கு. அவளுக்கு வயிறு பெருத்துட்டு வருது. ஒரு நாள் விழுந்துருவா அம்மா."

துறந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட மனுஷன், மகளின் கால் ஒரு படியில் தவறினால் தாங்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நெய்யைக் கொண்டாங்க" என்றாள் அம்பலத்தம்மா.



அவர் போய் நெய்ச்செம்பை எடுத்து வந்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். நெய் மஞ்சளாக உறைந்திருந்தது.

"நல்ல நிறம்."

குற்றாலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

அவள் சுண்டுவிரலால் கொஞ்சம் நெய்யை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பியைத் திறந்தாள். ஒரு பொட்டுச் சுண்ணாம்பை எடுத்து, நெய்யின் மேல் வைத்துத் தேய்த்தாள்.

உள்ளங்கை சிவந்தது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தட்டை இழுத்து, இன்னும் கொஞ்சம் நெய்யும் சுண்ணாம்பும் போட்டு, தண்ணீர் தெளித்துக் கரைத்தாள். கல்யாண வீட்டு வாசலில் கரைக்கிற ஆரத்தி மாதிரியே ஆயிற்று. எழுந்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே தட்டைப் பிடித்து, பொறுமையாக வலமும் இடமும் சுற்றினாள். விரலால் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"திருஷ்டி கழிஞ்சிருச்சு. இப்பவாவது உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மஞ்சள் போட்டேன்" என்றார்.

"அது தெரியுது."

"நெய் எருமை நெய் மாதிரி வெளுத்து வந்துச்சு அம்மா. எருமை வாங்கிட்டீயளான்னு சோறு வாங்க வந்த பிள்ளைக கேட்டுச்சு. எனக்கு மானம் போச்சு. மஞ்சள் உடம்புக்கு நல்லதுதானே, மங்கலம்தானேன்னு நினைச்சேன். கெடுதல்னு நினைச்சுப் போடலை."

"கடையில இருந்தப்ப மங்கிப்போன பாத்திரத்தை என்ன செய்வீய?"

"புளி போட்டுத் தேய்ப்போம்."

"நல்லாத் தேய்ப்பீயளோ?"

"முகம் பார்க்கலாம் அம்மா."

அவள் மாடத்திலிருந்த பித்தளைச் சட்டி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவரே வாராவாரம் தேய்க்கிற சட்டி. பளபளவென்று இருந்தது.

"எனக்குப் பசிக்கு. இதுல இருந்து ஒரு பிடி அவல் எடுத்துக் குடுங்க."

"வெறும் சட்டி அம்மா."

"பளபளன்னுதானே இருக்கு."

குற்றாலிங்கம் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, நெற்றிப் பொட்டோடு.

"ஆவுடை மட்டுமா சாப்பிட்டா?" என்று கேட்டாள் அவள், மெதுவாக.

மகளை நினைத்து அழுதுகொண்டு வந்தவர், கீழத்தெருப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குயவர் வீட்டு மருமகளையும் அதுவரை நினைக்கவே இல்லை. அவர்களும் பொழுது சாயச் சுவரைத் தடவுகிறார்களா என்று அவர் யாரையும் கேட்டதில்லை.



அம்பலத்தம்மா ஊரில் இல்லாதபோது நடந்ததை அவர் சொன்னார்.

கோடையில் ஒரு நாள். மலைப்பாதையில் மூங்கில் வளைவுக்கு மேலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மயிலைப் பசுவின் கன்று கொஞ்சம் தள்ளி நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுத்தை வந்து கன்றைக் கவ்வியது. கத்தினார், கல்லை எறிந்தார். கத்தினதுதான் மிச்சம். மயிலை அந்த இடத்திலேயே நின்று அன்று பொழுதெல்லாம் கதறியது. அதை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்தக் கன்றை அவர்தான் பிறந்த ஈரம் துடைத்து எடுத்தார்.

மறுநாளே தொழுவத்துக்கு வேலி போட்டார். எந்த மாட்டையும் மலைக்கு விடவில்லை. வைக்கோலும் தவிடும் வந்தன. பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் தட்டுப்பாடில்லாமல் வந்தன. மாடுகள் நின்ற இடத்தில் தின்றன. பால் கூடியது, நெய் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. மடத்தில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

"நீங்களும் நேத்து வந்து பார்த்துட்டு, தொழுவம் நல்லா இருக்குன்னீயளே" என்றார்.

"தொழுவம் நல்லாத்தான் இருக்கு."

"அதுகளுக்கு நான் எதுல குறை வச்சேன்? சொல்லுங்க அம்மா. நான் சாப்பிட மறந்த நாள் உண்டு, அதுகளுக்கு வைக்க மறந்த நாள் இல்லை."

"மயிலை உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"மாடு கேக்குமா அம்மா?"

"கேக்காதுன்னுதான் கட்டிப் போட்டீயளா?"

அவருக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபம் வரக் கூடாது என்று படித்திருந்தார். வந்தது என்னவோ வந்ததுதான்.

"மலைக்கு விட்டுச் சாகக் குடுக்கச் சொல்லுதீயளா?"

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் அவள். "மாடு கட்டியே கிடக்கட்டும். அது மலையில திங்கற பச்சையை நீங்க அறுத்துட்டு வந்து போடுங்க."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சு முடிந்தது.



மறுநாள் காலையில் அரிவாளும் கூடையுமாகக் கிளம்பினார். வாய்க்கால் கரையில் செழிப்பாகப் புல் நின்றது. கூடை வழிய அறுத்து வந்து மயிலையின் முன்னால் கொட்டினார்.

மயிலை மோந்து பார்த்தது. கொஞ்சம் தின்றது. மீதியை மூக்கால் தள்ளிவிட்டு அவரைப் பார்த்தது.

"தின்னுச்சா?" என்று கேட்டாள் அம்பலத்தம்மா.

"பாதி தின்னுச்சு."

"மீதி?"

"ஒதுக்கிருச்சு."

"எதை ஒதுக்குச்சு?"

"புல்லைத்தான்."

"எதைத் தின்னுச்சு?"

"அதுவும் புல்லுதான் அம்மா."

"வருஷக்கணக்கா மேய்ச்சீய. மலையில அது என்ன திங்கும்னு பார்த்ததே இல்லையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் மரத்தடியில உக்காந்து ஜபம் பண்ணிக்கிட்டு இருப்பேன். மாடு அதுபாட்டுக்கு மேயும்."

"நல்ல ஜபம்" என்றாள்.

அதன் பிறகு அவர் மலைப்பக்கம் ஏறினார். ஏறின மட்டும் அறுத்தார். அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் கொண்டுவந்தார். பேர் தெரியாத கொடிகளைக் கொண்டுவந்தார். சிலதை மயிலை தின்றது, சிலதைத் தள்ளியது. நேற்றுத் தின்றதை இன்று தள்ளியது. அவருக்கு அழுகை வராத குறை.

ஒவ்வொரு நாளும் மூங்கில் வளைவு வரைக்கும் போவார். அங்கே நிற்பார். திரும்பிவிடுவார்.

ஆவுடை தினமும் பொழுது சாய வந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு. அவர் உருண்டையை அவள் கையைத் தேடிப் பிடித்து வைத்தார். மஞ்சள் போடுவதை அன்றோடு நிறுத்தியிருந்தார். நெய் வெள்ளையாக இருந்தது. ஆவுடை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தால்தானே கேட்பாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவரைக் கொன்றது.

"அம்மா, இவ்வளவுதான் இருக்கு" என்று ஒரு நாள் காலிக்கூடையோடு வந்து உட்கார்ந்தார். "கீழே இருக்கறதெல்லாம் அறுத்தாச்சு."

"மலை அவ்வளவுதானா?"

"மூங்கில் வளைவுக்கு மேல நான் போக மாட்டேன்."

"ஏன்?"

"பயம்."

"யாருக்கு?"

"மாட்டுக்கு. கன்னு செத்த இடம் அம்மா. மயிலை அங்க கால் வைக்காது."

அம்பலத்தம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"மயிலையைக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.



காலையில் மயிலையை மட்டும் அவிழ்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். இன்னொரு கையில் தடி. மடத்து நாயும் கூட வந்தது.

வாசல் தாண்டினதும் மயிலை இழுக்க ஆரம்பித்தது. அவர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. வாய்க்கால் கரையில் நிற்கவில்லை. அவர் அறுத்து அறுத்து மொட்டையாக்கிய சரிவில் நிற்கவில்லை. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். ஒரு செடியின் நுனியை மட்டும் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. நடந்துகொண்டே தின்றது, தின்றுகொண்டே நடந்தது.

மூங்கில் வளைவு வந்தது.

அவர் நின்றார். மயிலை நிற்கவில்லை. கயிறு கையை அறுத்தது. பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. விட்டுவிட்டார்.

மயிலை வளைவைத் தாண்டிப் போனது.

நாய் அவரைப் பார்த்தது. அவர் நாயைப் பார்த்தார். பிறகு தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி பின்னாலே போனார்.

அந்த இடத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். சாய்ந்த பாறை, அதன் பக்கத்தில் தனியாக நிற்கிற நெல்லிமரம். கனவில் எத்தனையோ தடவை வந்த இடம். கனவில் அது எப்போதும் காய்ந்து கிடக்கும்.

நிமிர்ந்து பார்த்தார்.

மழை பெய்து, மேய மாடில்லாமல், அங்கே புல் இடுப்பளவு நின்றது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மயிலை நேரே நெல்லிமரத்தடிக்குப் போனது. கன்று நின்ற இடத்தை மோந்தது. ஒரு தடவை மட்டும் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தது.

பிறகு தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது.

குற்றாலிங்கம் பாறையில் உட்கார்ந்து அழுதார். கன்றுக்காக அழுதார், மனைவிக்காக அழுதார், எதற்கென்று தெரியாமலும் அழுதார். மயிலை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு வேலை இருந்தது.

அழுது முடிந்ததும் முகத்தையும் தாடியையும் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக, ஒரு மாடு மேய்வதைப் பார்த்தார். ஜபமாலை மடியிலேயே கிடந்தது.



"மயிலை என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள் அம்பலத்தம்மா.

"பயம் என்னோடதுதான் அம்மா."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஆனா சிறுத்தை இருக்கு" என்றார். "அது பொய் இல்லை."

"பொய் இல்லைதான்."

"வந்துச்சுன்னா?"

"நீங்க முழிச்சிருங்க. அதுக்குத்தானே உங்களுக்குக் கண்ணு."

மறுநாள் எல்லா மாடுகளையும் அவிழ்த்துவிட்டார். தடியும் தகரமும் எடுத்துக்கொண்டார். நாய்க்கு நன்றாகச் சோறு போட்டார். மலையில் அவர் உட்காரவே இல்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு, கன்றுகளை நடுவில் விட்டு, மாட்டோடு மாடாக நடந்தார். பொழுது இறங்குவதற்கு முன்னால் ஓட்டிக்கொண்டு திரும்பினார். அவர் கால் இளைத்தது, மாடுகளின் தோல் மினுமினுத்தது.

பால் குறைந்தது. அதையும் வந்து சொன்னார்.

"பிண்ணாக்கு தின்ன அளவுக்குக் கறக்கலை அம்மா. செம்பு நிறைய மாட்டேங்குது."

"செம்பு நிறையறதா உங்களுக்கு வேணும்?"

அவர் தடியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

வெண்ணெயில்தான் முதலில் தெரிந்தது. கடைந்து திரட்டி எடுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆவாரம்பூ நிறம் என்று சொல்ல முடியாது, ஆனால் வெள்ளை இல்லை. நாட்கள் போகப் போக நிறம் ஏறியது. உருக்கின நெய் மணல்மணலாக, மஞ்சளாக இறங்கியது.

அவர் செம்பை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். அவள் கேட்கும்முன் உள்ளங்கையை விரித்து, அதில் நெய்யை வைத்து, சுண்ணாம்புக்காகக் கையை நீட்டினார்.

அவள் டப்பியைக் கொடுத்தாள்.

அவரே தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். கை சிவக்கவில்லை.

"போதும், தோலு உரிஞ்சிரும்" என்றாள். "மகளுக்குக் கொண்டு போங்க. மத்த பிள்ளைகளுக்கும்."

"அவ கண்ணு திரும்புமா அம்மா?"

"உங்களுக்கு மாடு தெரியறதுக்கே இத்தனை காலம் ஆச்சு" என்றாள். "அவளுக்கும் கொஞ்சம் நேரம் குடுங்க."



அன்று வெயில் இருக்கும்போதே ஆவுடையின் வீட்டுக்கு நெய்யை எடுத்துப் போனார். முதலில் மஞ்சள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று படியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு இறங்கினார். வாசலுக்கு வந்ததும் மறந்துவிட்டது.

ஆவுடை செம்பை வாங்கி மோந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதுல மஞ்சள் இல்லையே" என்றாள்.

"தெரியுமா உனக்கு?"

"கண்ணுதாம்ப்பா மங்குது. நாக்குக்கு என்ன கேடு?"

"ஏன் சொல்லலை?"

அவள் நெய்யை இன்னொரு தடவை தொட்டுச் சாப்பிட்டாள்.

"நீங்க பயந்துபோய் இருந்தீய" என்றாள். "நான் வேற என்னத்தைச் சொல்லுறது?"

குற்றாலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு எதிரே அவர் அவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்ததில்லை.

"கீரை உனக்கு இறங்கலைன்னா" என்றார் கடைசியில், "மாடு திங்கட்டும் தாயி. உனக்கும் சேர்த்து அது திங்கட்டும்."

"அதுக்கு மசக்கை இல்லையே" என்று சிரித்தாள் ஆவுடை.

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அவள் கண்ணைப் பார்த்தார். வெயிலில் அது எல்லாக் கண்ணையும் போலத்தான் இருந்தது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர் யார்?



மார்கழி முடிந்து தையும் பாதி போயிருந்தது. ஆவுடைக்கு மாதம் நெருங்கிவிட்டது.

ஒரு நாள் மாடுகளைத் திருப்பும் நேரத்தில் மயிலையைக் காணவில்லை. குற்றாலிங்கம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இடுப்பளவு புல்லுக்குள் புகுந்தார். குனிந்தும் தவழ்ந்தும் தேடினார். நெல்லிமரத்துக்கு அந்தப் பக்கம், சரிவின் கீழே, மயிலை நின்று சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. மறுபடி சினைப்பட்டிருந்த மாடு அது, மெதுவாகத்தான் ஏறியது. அதைத் திட்டிக்கொண்டே ஓட்டி வந்து மந்தையில் சேர்த்தார்.

மலையை விட்டு இறங்கும்போது பொழுது இறங்கிவிட்டது. மேற்கே கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சம். மடத்தில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை.

அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. இந்நேரம் நெய்ச்சோற்றுக்குக் கிளம்பியிருப்பாள். அவளைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள். உருட்டிக் கொடுக்க வேண்டிய ஆளோ இவ்வளவு நேரம் புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

மாடுகளை முந்திக்கொண்டு படிக்கட்டின் அடிக்கு ஓடினார். நடுப்படியில் ஓர் உருவம் ஏறிப் போவது தெரிந்தது. பக்கவாட்டில் வயிறு தெரிந்தது. தனியாக ஏறினாள்.

"ஆவுடை!" என்று கூப்பிட்டார். "நில்லு, நில்லு. அங்கனயே நில்லு. அசையாதே."

அவள் நின்று திரும்பினாள்.

அவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா! யாராவது விளக்கைக் கொண்டாங்க. பிள்ளை படியில நிக்கா."

மேலே அம்பலத்தம்மா வந்து நின்றாள். அவள் கையில் விளக்கு இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு இருவரையும் பார்த்தாள்.

"விளக்கு அம்மா, விளக்கு" என்றார். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு படியாகத் தடவி ஏறினார். அவருக்கே படி சரியாகத் தெரியவில்லை. "நான் வந்து பிடிக்கிற வரைக்கும் நகராதே தாயி. இருட்டா இருக்கு."

"என்னப்பா இருட்டு" என்றாள் ஆவுடை. "குனிங்க. தாடி பூரா ஒட்டுப்புல்லு."